லோகியின் சட்டை என்று சொல்லி 2,400 டாலரைச் சுருட்டிவிட்டார்கள் – சினிமா உடை சேகரிப்பவர்களுக்கு எச்சரிக்கை

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 2,400 டாலர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாய். ஒரே ஒரு சட்டைக்கு. ஹாலிவுட் படங்களில் நடிகர்கள் அணிந்த உடைகளையும் பயன்படுத்திய பொருட்களையும் ஏலம் விடும் ஓர் இணைய விற்பனையகம் பட்டப்பகலில் என்னை ஏமாற்றியிருக்கிறது. இந்தச் சேகரிப்பில் இருப்பவர்களும் இறங்க நினைப்பவர்களும் அவசியம் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் சேர்ப்பது புறநகர்ப் பகுதியில் நடக்கும் த்ரில்லர் படங்களின் உடைகளை. அவற்றில் 2013-இல் வெளிவந்த ‘பிரிசனர்ஸ்’ என்றால் எனக்கு உயிர். பென்சில்வேனியாவில் ஓர் அமைதியான குடியிருப்பு, தேங்க்ஸ்கிவிங் விருந்து நடக்கும் நாளில் இரண்டு சிறுமிகள் காணாமல் போகிறார்கள். டெனி வில்நெவ் இயக்கம், ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு. ஜேக் ஜில்லன்ஹால் துப்பறியும் அதிகாரி லோகியாக வருவார். டை கிடையாது; ஆனால் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை இறுக்கிப் போட்டிருப்பார். காலருக்கு மேலே பச்சை குத்தியது எட்டிப் பார்க்கும். உடை வடிவமைப்பாளர் ரெனே ஏப்ரில் அந்த ஒரு பொத்தானிலேயே அந்த மனிதனின் குணத்தைச் சொல்லிவிட்டதாக நான் நினைப்பதுண்டு. அந்தச் சட்டைகளில் ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று பார்த்ததும் மனம் எப்படித் துள்ளியிருக்கும் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த வகைப் படங்களின் உடைகளில் ஒரு சங்கடம் உண்டு. அரச கதை, விண்வெளிக் கதை என்றால் உடையைப் படத்துக்கென்றே தைப்பார்கள். அதைப் போலியாகச் செய்யப் பெரிய உழைப்பு வேண்டும். புறநகர்க் கதையில் வருவதோ பெரும்பாலும் கடையில் தொங்கும் சட்டையும் ஜீன்ஸும் ஜாக்கெட்டும்தான். அதே சட்டை ஊரெல்லாம் விற்றிருக்கும். படப்பிடிப்புக்கே ஒரே மாதிரி பல சட்டைகள் வாங்குவார்கள்: மழையில் நனைய ஒன்று, ரத்தம் தெறிக்க ஒன்று, சண்டைக்கு வரும் மாற்று நடிகருக்கு ஒன்று. கட்டம் போட்ட சட்டையாக இருந்தால் பிழைத்தோம். பாக்கெட்டின் கட்டமும் உடலின் கட்டமும் சேரும் இடம் சட்டைக்குச் சட்டை சற்றே தள்ளியிருக்கும். படத்தை நிறுத்தி, பெரிதாக்கி ஒப்பிட்டுவிடலாம். வெற்றுச் சட்டையில் அது மிகவும் கடினம். அங்கே விற்பவர் காட்டும் ஆவணம்தான் எல்லாம்.

ஆவணத்துக்கு என்ன குறை! உடைப் பிரிவின் அட்டை என்று ஒரு படம் அனுப்பினார்கள்: பாத்திரத்தின் பெயர், காட்சி எண், எல்லாம் பேனாவால் எழுதியது. ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ் இருந்தது. அதோடு அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வெகு நேரம் படத்தைப் பற்றியே பேசினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு, “காலரின் உட்புறத்தைப் பாருங்கள், கழுத்தில் பூசிய ஒப்பனை ஒட்டியிருக்கிறது. துவைக்கக் கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறோம்” என்றார். திரையில் அணிந்த சட்டையில் எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடுவது அந்தக் கறையைத்தான். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் என் நம்பிக்கையை வாங்கினார்கள். ஏலத் தொகை 2,000, வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் 400. வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் ஏற்போம் என்பது அவர்கள் விதி. கட்டினேன்.

சட்டை வந்தது. காலரை வெளிச்சத்தில் விரித்து, கறையின் ஓரத்தை வெள்ளைத் துணியால் லேசாக ஒற்றினேன். பழுப்பு நிறம் பிசுபிசுவென்று துணியில் ஏறியது. வாசனை வேறு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒப்பனை துணியில் காய்ந்து ஊறிப்போயிருக்க வேண்டும், நேற்று பூசிய கிரீம் மாதிரியா வரும்? சந்தேகத்தோடு சட்டையை உட்புறம் திருப்பினேன். பக்கவாட்டுத் தையலில், துவைக்கும் குறிப்புகளுக்குக் கீழே, தயாரிப்பு மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. ஆண்டு 2015. படப்பிடிப்பு ஜார்ஜியாவில் 2013 தொடக்கத்தில். படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பரில். இன்னும் நெய்யப்படாத துணியை ஜில்லன்ஹால் எப்படி அணிந்திருப்பார்?

உடனே புகைப்படங்களோடு எழுதினேன். எங்கள் நிபுணர் வெளியூரில் இருக்கிறார் என்று முதல் பதில். அடுத்து, சட்டையைச் சீர்செய்யும்போது லேபிள் மாறியிருக்கலாம் என்றார்கள். சட்டையின் லேபிளை எவர் மாற்றுவார், எதற்காக? விடாமல் கேட்டதும், சான்றிதழ் என்பது எங்கள் கருத்து மட்டுமே, உத்தரவாதம் ஆகாது என்று விதிமுறையின் ஒரு வரியை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். தொலைபேசியில் குழைந்து குழைந்து பேசிய அந்த மனிதர் இப்போது அங்கே வேலை செய்யவில்லையாம். கடைசியாக, நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த ஏலத்தில் 100 டாலர் தள்ளுபடி தருகிறார்களாம். 2,400 டாலரை விழுங்கிவிட்டு! அதற்குப் பிறகு பதிலே இல்லை.

வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம் என்கிறார்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் பதிவு செய்திருக்கிறேன். ஒரு புகார் எண் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆலோசனை எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் உள் லேபிளின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள். கடன் அட்டையை ஏற்காத இடத்தில் வாங்காதீர்கள். சான்றிதழைப் பார்க்காதீர்கள், அந்த உடை எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுச் சட்டை வேண்டவே வேண்டாம்.

ஒன்று மட்டும் அவசரம். இன்று காலை அந்தத் தளத்தில் லோகி அணிந்த சட்டை என்று இன்னொன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அனுப்பிய அதே அட்டையின் படம், அதே பேனா எழுத்து, அதே காட்சி எண். ஏலம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. தயவுசெய்து எவரும் விலை கேட்காதீர்கள்.