பியானோவுக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள்

மழைக்காலத்தில் கட்டைகள் சிக்குகின்றன என்று பியானோ பழுது பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் செய்துவிட்டுப் போன வேலையால் எங்கள் பியானோ இன்று சுருதியிலேயே நிற்பதில்லை. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பியானோ வைத்திருப்பவர்கள் யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வந்தவர் முன்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ளே ஒரே துரு. இப்படியே விட்டால் கம்பி அறுந்துவிடும்" என்றார். பையிலிருந்து துரு நீக்கும் ஸ்ப்ரேயை எடுத்து டியூனிங் பின்கள்மேல், அதாவது கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் இரும்பு ஆணிகள்மேல், வரிசையாக அடித்தார். கட்டைகளுக்கு அடியிலும், சுத்தியல்கள் அசையும் மூட்டுகளிலும் அதே ஸ்ப்ரே. "மரத்துக்குள் இறங்காதா அங்கிள்?" என்று என் மகள் கேட்டாள். "இறங்கினால் நல்லதும்மா, ஈரம் ஏறாது" என்றார். அன்றைக்குக் கட்டைகள் லேசாகத்தான் இருந்தன. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கட்டைகள் சிக்கியதற்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லை. கட்டையைத் தாங்கும் ஊசிகள் நுழையும் துளைகளில் சன்னமான கம்பளித் துணி ஒட்டியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்தத் துணியும் மரமும் உப்பி ஊசியை இறுக்கிப் பிடிக்கும். அதைச் சரிசெய்யத் தனிக் குறடு இருக்கிறது. துணியை மெல்ல அழுத்தி மயிரிழை இடைவெளி விட்டால் போதும், கட்டை தானாக விழும். எண்ணெய் பட்ட துணியோ தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்துப் போகிறது. கொஞ்ச நாளில் முன்பைவிட அதிகமான கட்டைகள் மாட்டிக்கொண்டன.

பின்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள், மொத்த இழுவிசை ஏறத்தாழ 18 டன். அவ்வளவையும் தாங்கும் பின்கள் கெட்டியான மரப்பலகைக்குள் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுதான் அவற்றின் பிடிமானம். அங்கே போய் எண்ணெயை விட்டால் என்ன ஆகும்? பிறகு வந்த டியூனர் பின்னைத் திருகும் சாவியைப் போட்டுக் காட்டினார். கைக்குத் தடையே தெரியாமல் பின் சுழன்றது. டியூன் செய்துவிட்டுப் போன சுருதி சில நாளில் இறங்கிவிடுகிறது. பலகை காய்ந்து தளர்ந்திருந்தால் பருமனான பின் போட்டுச் சமாளிக்கலாமாம். எண்ணெய் ஊறிய மரத்தில் அதையும் நம்ப முடியாது. கம்பிகள் மொத்தத்தையும் கழற்றிப் பலகையையே மாற்றவேண்டும் என்றார். பின்களின் தலையில் இருந்ததோ மேலோட்டமான துருதான், அதை அப்படியே விட்டிருக்கலாம்.

முதலில் வந்தவர் ஈரத்தைப் போக்க என்று உள்ளே ஒரு ஹீட்டர் ராடும் மாட்டியிருந்தார். ராட் நல்ல பொருள்தான். ஆனால் ஈரப்பதத்தை அளந்து தானாக அணைக்கும் ஹியுமிடிஸ்டாட் அதோடு சேர்ந்து வரவேண்டும். இதில் அது இல்லை. ஏசி ஓடி அறை காய்ந்திருந்தபோதும் ராட் எரிந்துகொண்டே இருந்தது. அளவுக்கு மீறிக் காய்ந்தால், கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டு சுருங்கி விரிசல் விடும்.

கேட்டதற்கு, "பழைய பியானோ, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

யாரையாவது கூப்பிடும் முன் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பியானோ பக்கத்தில் வையுங்கள். 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரே அளவில் நிலையாக இருப்பது அதைவிட முக்கியம். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைத்தால் மரம் தினமும் உப்பிச் சுருங்கும். வருபவரிடம் சிக்கும் கட்டையை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேளுங்கள். குறடு, துணி, ஊசி என்று பேசுகிறவரை உள்ளே விடலாம். ஸ்ப்ரே டப்பா வெளியே வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே அடித்துவிட்டார்கள் என்றால், நீங்களாகத் துடைத்து எண்ணெயை இன்னும் உள்ளே தள்ள வேண்டாம். எங்கெங்கே அடித்தார்கள் என்று போட்டோ எடுத்துவைத்து அடுத்த டியூனரிடம் காட்டுங்கள். டியூனிங்குக்குக் காசு கொடுக்கும் முன் பின்கள் பிடிக்கின்றனவா என்று அவர் சோதித்துச் சொல்லட்டும்.