ஐநேச்சுரலிஸ்ட் ஆப் – அமலைச்செடிய பதிய நல்லது, ஆனா ஒரு குறை உண்டு

செடி, பூச்சி, பறவைன்னு பாத்தத படத்தோட பதியுத இந்த ஆப்ப நம்ம திருநெல்வேலி பக்கம் நெறைய பேரு பறவை, பட்டாம்பூச்சிக்குதான் வச்சிருக்காவ, நான் களைக்குன்னே வச்சிருக்கேன். அமலை (ஆகாயத்தாமரை), சீமக்கருவேலம், உன்னிச்செடி, பார்த்தீனியம்னு எங்கிருந்தோ வந்து இங்கன பரவிக் கெடக்கதுவ எல்லாம். ஃப்ரீ ஆப், விளம்பரத் தொல்லையும் கெடையாது.

படம் எடுத்துப் போட்டா தேதியும் எடமும் அதுலேருந்தே ஏறிக்கிடும், ஆப்பே ஒரு பேரு சொல்லும், பிறகு மத்தவங்க வந்து பாத்து உங்களயும் சேத்து ரெண்டு பேராவது ஒத்துக்கிட்டா 'ரிசர்ச் கிரேடு', அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிடுத தரம் ஆயிரும், மத்தவங்க பயன்படுத்திக்கிட நீங்க குடுக்க லைசென்ஸ் தோதா இருந்தா அங்கேருந்து ஜிபிஐஎஃப்னு கோபன்ஹேகன்ல ஆபீஸ் வச்சிருக்க உலக டேட்டா கிடங்குக்குப் போயிரும், யாரு வேணும்னாலும் காசில்லாம எடுத்துக்கிடலாம். மணிமுத்தாறு மேல சிக்னல் இல்லன்னாலும் கவலயில்ல, வீட்டுக்கு வந்து ஏத்தலாம்.

படம் எடுக்கதுலதான் நம்மாளுவ சொதப்புதாவ. சுலோச்சன முதலியார் பாலத்துமேல நின்னு ஆத்துல பச்சப்பசேல்னு ஒண்ணு எடுத்துப் போட்டா எவரு பேரு சொல்லுவாவ? கரைக்கு எறங்குங்க அண்ணாச்சி. அமலைக்குக் காம்பு பலூன் கணக்கா உப்பியிருக்கும், அத கிட்டத்துல ஒண்ணு, ஊதாப்பூவுல மேல் இதழ்ல மஞ்சப்பொட்டு தெரியுத மாதிரி ஒண்ணு, போதும். வாட்ஸ்அப்ல வந்த படத்த போடாதிய, அதுல லொக்கேஷன் போயிருக்கும். வாசல்ல நட்டு வச்ச உன்னின்னா நட்டதுன்னு மறக்காம டிக் பண்ணிருங்க, இல்லன்னா காட்டுல தானா பரவுனதோட சேந்துரும்.

இப்ப குறை. இதுல 'இருக்கு'ன்னுதான் பதியலாம், 'போய்ப் பாத்தேன், இல்ல'ன்னு பதிய வழியில்ல. பறவைக்குன்னே இருக்க ஈபேர்டு ஆப்ல பாத்த பறவ எல்லாத்தயும் எழுதிட்டேன்னு முழு லிஸ்டா குடுத்தா எது இல்லங்கதும் தெரிஞ்சிரும், இங்க அந்த சௌகரியம் கெடையாது. குளத்துல அமலைய அள்ளிப் போட்டாலும் வித சேத்துல வருஷக்கணக்கா கெடந்து மறுபடி மொளைக்கும், அப்போ சுத்தமா இருந்த மாசம் எது, திரும்ப வந்த மாசம் எதுன்னுதான தெரியணும்? மேப்ல புள்ளி இல்லன்னா செடி இல்லன்னும் இருக்கலாம், ஒருத்தரும் அந்தப் பக்கம் போகலன்னும் இருக்கலாம். அதனால போட்டாச்சேன்னு விடாம அதே படித்தொறையில மழைக்கு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு போடுங்க.

புகார் ஆப்னு நெனச்சிராதிய, போட்டதும் ஒருத்தரும் மம்பட்டியோட வரமாட்டாவ. அதுக்கு திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் மனுதான், கூட இந்த மேப்ப பிரிண்ட் எடுத்து வச்சிக் குடுக்கலாம்.

அஞ்சுக்கு நாலு.