"புத்தம் புதுசு" என்று விற்ற ஸ்னோபுளோவர்: ஸ்காபரோ பக்கம் வாங்கப் போகிறவர்கள் கவனம்

இந்தக் குளிர்காலத்துக்கு ஸ்னோபுளோவர் (ஸ்னோவை அள்ளி வீசும் மெஷின்) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் வாங்கியது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சின்னக் கடையில். நம்மவர் கடைதான். விவகாரம் இன்னும் முடியாததால் பெயரை எழுதவில்லை. 24 அங்குல அகலம், 208 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், பெரிய கடைகளில் போட்டிருந்த விலையைவிட நன்றாகவே குறைவு. பில்லில் "புதியது" என்று எழுதித் தந்தார்கள்.

முதல் ஸ்னோ பொருபொருவென்று லேசாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது ஈரமான, கனத்த ஸ்னோ. நகரசபை வண்டி டிரைவ்வே வாசலில் தள்ளிவிட்டுப் போகும் அந்த வரம்பு இருக்கிறதே, அதில் மெஷினைக் கொடுத்ததும் எஞ்சின் இருமி நின்றது. சோக் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) போட்டால் ஓடும். சோக்கை எடுத்தால் வேகம் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும், பிறகு நின்றுவிடும். பாதிச் சோக்கில் மட்டும்தான் உயிர்.

இந்த அறிகுறியைக் கண்டால் பெற்றோல் போதுமான அளவு போகவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெற்றோல் குறைந்து வேகம் விழ, எஞ்சின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர், கலவையைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டிலைத் திறக்கும். வேகம் எகிறினால் மூடும். அதுதான் அந்த ஏற்ற இறக்கம். சோக் காற்றைக் குறைப்பதால் கலவை சரியாகி ஓடுவதுபோல் தெரியும். பெற்றோல் வால்வு முழுதாகத் திறந்திருந்தது. தாங்கி மூடியைத் தளர்த்தியும் பார்த்தேன், மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும். பிளக்கில் பொறி நன்றாகவே வந்தது. தாங்கியை வடித்துப் புதுப் பெற்றோல் ஊற்றினேன். மாற்றமே இல்லை.

கடைக்கு எடுத்தேன். கடையில் நின்ற தம்பி மெஷினைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அண்ணை, பழைய காஸ் அடிச்சிருப்பீங்கள். அது வாரண்டியில வராது."

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பழைய பெற்றோலால் வரும் பழுதை வாரண்டி ஏற்காது என்பது உண்மை, கிட்டத்தட்ட எல்லாக் கம்பனியின் தாளிலும் அது இருக்கும். அதனால் கடைக்காரருக்கு இது வசதியான பதில். நம்மில் பலர் அதோடு வாயை மூடிவிட்டு, காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கழுவக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். நான் "வாரண்டியில் வராது" என்பதை ஈமெயிலில் எழுதித் தரச் சொன்னேன். தந்தார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் மெஷினில் கை வைத்தேன், இல்லாவிட்டால் நீங்களே கழற்றிக் கெடுத்தீர்கள் என்பார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணை முன்பு கராஜ் வைத்திருந்தவர். காபரேட்டருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றி, கிண்ணத்தை என் கையில் வைத்தார். அடியில் பழுப்பும் பச்சையும் கலந்த பசை, நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. ஓரத்தில் வெள்ளைத் தூள், ஈரம் உலோகத்தை அரித்த அடையாளம். பெற்றோல் போகும் மெயின் ஜெட்டை லைட்டுக்கு நேரே பிடித்தோம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளை அது. வெளிச்சம் வரவே இல்லை.

நம் ஒன்ராறியோ மாகாணத்தில் விற்கும் பெற்றோலில் பொதுவாக எதனோல் என்ற அல்ககோல் கலந்திருக்கும். எதனோல் ஈரத்தை உறிஞ்சும். அதோடு பெற்றோலும் கிடந்து ஆவியாகிப் பசையாகும். ஆனால் அதற்கு மாதக் கணக்கில் கிடக்க வேண்டும். நான் மெஷினை வாங்கியதே குளிர் தொடங்கிய பிறகு. ஊற்றிய பெற்றோலின் ரசீதும் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பசை யாருடைய பெற்றோல்?

அண்ணை மெஷினைச் சரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் தரையில் உரசிப் போகிற இரும்புத் தகடுகளில் கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. அதற்குக் கீழே ஆழமான கீறல்கள், பெயின்ற் கீறலுக்குள்ளும் போயிருந்தது, அதாவது கீறிய பிறகு அடித்த பெயின்ற். யாரோ ஒரு குளிர்காலம் ஓட்டி, பெற்றோலோடு அப்படியே விட்டு, கடைக்குத் திருப்பிக் கொடுத்த மெஷின். எஞ்சின் லேபிளில் உற்பத்தித் திகதியும் பழையது. அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன், பழைய ஸ்டொக் எல்லாக் கடையிலும் கிடக்கும்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாவித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது முறைகேடு. வாங்கிய ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். கடைக்காரர் சோதித்துப் பார்க்க ஓட்டியதால் மட்டும் அது பாவித்தது ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்ததில் இரும்புத் தகடு இப்படிக் கீறாது! படங்களோடு கடிதம் போட்டேன். வாரண்டியில் வராது என்றவர்கள் இப்போது காபரேட்டரை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். மெஷின் புதியதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிரெடிட் கார்ட் கம்பனியிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

வாங்குமுன் ஒரு சின்ன டோர்ச் கொண்டு போங்கள். மெஷினைச் சரித்து அந்தத் தகடுகளையும் பின்னால் உள்ள சுரண்டும் பட்டையையும் பாருங்கள். புதியதென்றால் பெயின்ற் ஒரே சீராக இருக்கும். பிறகு வெளியே எடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு, சோக் முழுதாக எடுத்து, முழு வேகத்தில். சோக்கோடு ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.