ஆழ்வார்பேட்டையில் மான்டுவாவின் பரங்கிக்காய்

வட இத்தாலியின் மான்டுவா நகரில், கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு இறைச்சியைத் தவிர்த்து, மெல்லிய மாவுக்குள் பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த 'தொர்தெல்லி' என்னும் பாஸ்தாவை உண்பது வழக்கம். ஆழ்வார்பேட்டையில் உள்ள ஓர் இத்தாலிய உணவகம் அதை இப்போது தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மான்டுவாவில் பூரணத்துக்குப் பயன்படுவது, பாதிரியாரின் தொப்பி என்று வடிவத்தால் பெயர் பெற்ற, சதை கெட்டியாகவும் நீர் குறைவாகவும் உள்ள வகை. கோயம்பேட்டுப் பரங்கிக்காயோ நீர் விடும். அதை வேகவைத்து மசித்தால் மாவு ஊறிக் கிழிந்துவிடும். இங்குள்ள சமையற்காரர் காயை அடுப்பில் சுட்டு, மசித்து, துணியில் தொங்கவிட்டு நீரை வடிக்கிறார். அந்தப் பொறுமை வாயில் தெரிகிறது: மாவு மெலிதாக இருந்தும் ஒன்றுகூட உடையவில்லை, வெண்ணெயில் பொரிந்த சேஜ் என்னும் மூலிகை இலையின் மணமும் அளவோடு இருந்தது.

குறை பூரணத்தின் சுவையில்தான். மான்டுவாவில் பரங்கிக்காயோடு பாலாடைக்கட்டி, ஜாதிக்காய், 'அமரெத்தி' என்னும் பாதாம் மணமுள்ள பிஸ்கட் ஆகியவற்றுடன் 'மொஸ்தார்தா'வும் சேரும். அது சர்க்கரைப் பாகில் ஊறி, கடுகுச் சாற்றின் காரம் ஏறிய பழம். அருகிலுள்ள ஃபெராரா நகரின் பரங்கிக்காய்ப் பாஸ்தாவான 'கப்பெல்லாச்சி'யில் அமரெத்தியும் இல்லை, மொஸ்தார்தாவும் இல்லை. 1584-இலேயே ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் அரண்மனை உணவு மேலாளர் ரோசெத்தி பதிவுசெய்த அப்பண்டம், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. இந்த உணவகம் அமரெத்தியைச் சேர்த்துவிட்டு, மொஸ்தார்தாவுக்குப் பதிலாக ஆரஞ்சு ஜாம் வைக்கிறது. ஆகவே இனிப்பின் மேல் இனிப்பு ஏறி, நான்காவது துண்டிலேயே திகட்டுகிறது. பரங்கிக்காயின் இனிப்பைப் புளியும் மிளகாயும் கொண்டு நிறுத்தும் குழம்பை உண்டு வளர்ந்த நாக்குக்கு, இங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்பது உடனே புரியும். ஆப்பிளைப் பாகில் போட்டு, நம் கடுகை அரைத்துச் சேர்த்தாலே குறை பெரிதும் தீரும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் இதற்குப் பச்சைப் புள்ளி இட்டிருக்கிறார்கள். ஆனால் மாவில் முட்டை இருக்கிறது, அமரெத்தியிலும் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு, மேலே துருவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுவது. கேட்ட பிறகுதான் பரிமாறுபவர் முட்டையைப் பற்றிச் சொன்னார். பாலாடைக்கட்டியைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பட்டியலில் அந்தப் புள்ளியை மாற்ற வேண்டும்; முட்டையையோ இத்தகைய பாலாடைக்கட்டியையோ தவிர்ப்பவர்கள் இதை வரவழைக்க வேண்டாம். மற்றவர்கள் ஒரு தட்டை இருவராகப் பகிர்ந்துகொள்ளலாம்.