சென்னை விமான நிலையம் பக்கத்து ஹோட்டல்: பதினோரு முறை காரை விட்டுவிட்டுப் போன அனுபவம்

போன வாரம் என் மைத்துனன் திருவண்ணாமலையிலிருந்து போன் செய்தான். மனைவி, இரண்டு குழந்தைகள், மாமனார் மாமியார் என்று மொத்தக் குடும்பமும் சிங்கப்பூர் போகிறார்களாம். "மாமா, நீங்க கார் விட்டுட்டுப் போவீங்களே, அந்த ஹோட்டல் பேர் அனுப்புங்க. பார்க்கிங் ஃப்ரீ, ஏர்போர்ட் வண்டியும் ஃப்ரீன்னு சொன்னீங்களே" என்றான். இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன். இப்போது "நாளைக்குச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசித்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் இருப்பது விழுப்புரத்தில். அரிசி ஆலைகளில் கருப்பரிசியையும் கல்லையும் பிரித்துத் தள்ளுகிற கலர் சார்ட்டர் மெஷினைப் பொருத்துவது, பழுது பார்ப்பது என் வேலை. இலங்கையில் பொலன்னறுவைப் பக்கம் ஆலைகள் அதிகம் என்பதால் வருஷத்துக்கு நாலைந்து முறை கொழும்பு போகிறேன். விமானம் பெரும்பாலும் விடியற்காலை. கூடவே 22 கிலோ டூல் பெட்டி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கே இறங்கி, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பஸ் ஏறி மீனம்பாக்கம் போவது நடக்கிற காரியம் இல்லை. மெட்ரோவும் இரவு பதினொரு மணியோடு சரி. ஆகவே கார்.

கார் என்றால் ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல். நல்ல நாளில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் பரனூரிலிருந்து பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் விமானம் போய்விடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே போய், விமான நிலையம் பக்கத்தில் தங்கி, காரை அங்கேயே விட்டுவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது. விமான நிலையத்தின் அடுக்கு பார்க்கிங் வசதியானதுதான், இரண்டாயிரத்துக்கும் மேல் கார்கள் நிற்கலாம். ஆனால் ஐந்து நாள் விட்டால் ஆகிற வாடகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு ராத்திரி படுத்துத் தூங்க அறையே கிடைக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

ஹோட்டல் தேடுகிறவர்கள் அறையின் படத்தைத்தான் பார்க்கிறார்கள். நாலு மணி நேரம் தூங்கப்போகும் அறையில் பார்க்க என்ன இருக்கிறது? கார் நிற்கப்போவது ஐந்து நாள். நான் போன் போட்டு முதலில் கேட்பது, "வண்டி நிறுத்துற இடம் தரையிலா, பேஸ்மெண்டிலா?" என்பதைத்தான். 2015 டிசம்பர் 1 ராத்திரியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாறு ஆற்றின் மேல் பாலம் போட்டுப் போகிறது. அந்த ஆறு பொங்கியதில் விமான நிலையத்தையே பல நாள் மூடினார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள். இரண்டு முறையும் பேஸ்மெண்டில் நின்ற கார்கள் கதி என்ன ஆனது என்று மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். நாம் கொழும்பில் மாட்டிக்கொண்டிருக்கும்போது நம் கார் இங்கே தண்ணீருக்குள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பேஸ்மெண்ட் பார்க்கிங் இனாமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். மரத்தடியும் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது கார்களின் மேல் விழுந்த மரங்கள் எத்தனை!

அடுத்த கேள்வி, "ஃப்ரீ என்றால் எத்தனை நாளைக்கு ஃப்ரீ?" இதை நான் கற்றுக்கொண்டது வேறொரு ஹோட்டலில். பார்க்கிங் இலவசம் என்று போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து சாவி கேட்டால், தங்கிய ஒரு ராத்திரிக்குத்தான் இலவசம், மீதி நாலு நாளைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் என்றார்கள். கொடுத்துவிட்டுக் காரில் ஏறினால் ஓடோமீட்டரில் நான் விட்டுப்போனதைவிட 38 கிலோமீட்டர் கூட ஓடியிருந்தது. "வண்டியை முன்னே பின்னே நகர்த்தியிருப்பாங்க சார்" என்று பதில். முன்னே பின்னே நகர்த்தி 38 கிலோமீட்டர். அன்றிலிருந்து ஓடோமீட்டரைப் படம் எடுக்காமல் எங்கும் சாவி கொடுப்பதில்லை. எத்தனை நாள் நிறுத்தப்போகிறேன் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அப்படித்தான் பல்லாவரம் பக்கம் இந்த ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தேன். பேர் சொல்லவில்லை, காரணம் கீழே வரும். இரண்டரை வருஷத்தில் பதினோரு முறை. பல்லாவரத்திலிருந்து போகும்போது விமான நிலையம் இடது கைப் பக்கமே வருவதால் மேம்பாலம் ஏறிச் சுற்ற வேண்டியதில்லை, விடியற்காலையில் பத்து நிமிஷம்கூட ஆகாது. கட்டிடத்துக்குப் பின்னால், ரோட்டைவிட இரண்டடி உயர்த்திக் கட்டிய தளத்தில், தகரக் கூரைக்குக் கீழே பார்க்கிங். அங்கே ராத்திரி செக்யூரிட்டியாக ஒரு அண்ணன் இருக்கிறார், வந்தவாசிக்காரர். அவர் சாவியே கேட்கமாட்டார். "நீங்க எந்தத் தேதி வர்றீங்க சார்?" என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதிப்படி வண்டிகளை வரிசைப்படுத்திவிடுவார். முதலில் வருகிறவர் வண்டி முன்னால், கடைசியில் வருகிறவர் வண்டி சுவரோரம். யார் வண்டியையும் நகர்த்த வேண்டிய தேவையே வராது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் நிலை எல்லாம் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். ஒரு முறை நான் ஊரில் இல்லாதபோது பின் டயர் காற்று இறங்கியிருந்திருக்கிறது. நான் ராத்திரி வந்து இறங்கி, இருட்டில் அதைக் கவனிக்காமல் எடுத்துவிடக்கூடாது என்று ஸ்டியரிங் பக்கத்து வைப்பரில் ஒரு சீட்டு சொருகி வைத்திருந்தார்: "பின் இடது டயர் பாருங்க." மாதக் கணக்கில் பார்க்காத ஒருவரின் காருக்கு இந்த அக்கறை எத்தனை பேருக்கு வரும்?

அப்புறம் அந்த இட்லி. விமான நிலைய ஹோட்டல்களில் காலை டிபன் இலவசம் என்பார்கள், அது ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மூன்று மணிக்குக் கிளம்புகிறவனுக்கு அதனால் என்ன பயன்? இங்கே முந்தின ராத்திரி ரிசப்ஷனில் சொல்லிவிட்டால் போதும், சமையல் மாஸ்டர் நாலு பொடி இட்லியை வாழை இலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூல் போட்டுக் கொடுத்துவிடுவார். சட்னி கிடையாது. நான் முதல் முறை ஏன் சட்னி இல்லை என்று கேட்டேன். "செக்கிங்ல சட்னி, சாம்பாரைத் தண்ணிக் கணக்குல சேர்த்து எடுத்துடுவாங்க சார். பொடியை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். நல்லெண்ணெய் ஊறிய அந்த இட்லியை, சோதனை எல்லாம் முடிந்து கேட் பக்கம் உட்கார்ந்து பிரிக்கும்போது வரும் வாசனைக்கு, பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மாஸ்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டேன். இப்போது ஹோட்டலின் இலவச ஏர்போர்ட் வண்டிக்கு வருகிறேன்.

போகும்போது பதினோரு முறையும் வேன் சொன்ன நேரத்துக்குத் தயார். நாம் அவர்கள் கண் முன்னால் பெட்டியோடு நிற்கிறோம், அதனால் அனுப்பியாக வேண்டும். திரும்பும்போது நாம் போனில் ஒரு குரல். அதுவும் நம் கார் அவர்களிடம் இருக்கிறது, எப்படியும் அங்கேதான் வருவோம். பதினோரு முறையில் இருபது நிமிஷத்துக்குள் வேன் வந்தது மூன்றே முறை. விமான நிலையத்துக்குள் நுழைகிற வண்டிக்கு இலவச நேரம் சில நிமிஷங்கள்தான், தாண்டினால் கட்டணம். அதனால் டிரைவர் முன்னாலேயே வந்து காத்திருக்க முடியாது, நாம் பெட்டி எடுத்ததும் கூப்பிட்டால்தான் கிளம்புவார். இது நியாயமான காரணம், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஹோட்டலிலிருந்து விமான நிலையம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கிளம்பி வந்தாலும் பதினைந்து நிமிஷம்.

இந்த அக்டோபரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இலங்கையில் இருக்கும் கதிர்காமம் முருகன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. தரிசனம் எல்லாம் நல்லபடி முடித்து, திரும்பி வந்து இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வரும்போது இரவு 12.10. தூறல். ஹோட்டலுக்குப் போன் செய்தேன். "வண்டி கிளம்பிடுச்சு சார், அஞ்சு நிமிஷம்." 12.25-க்குச் செய்தேன். "ரோட்டுல வந்துட்டிருக்காங்க சார், அஞ்சு நிமிஷம்." டிரைவர் நம்பர் கேட்டேன். "அவரே கூப்பிடுவார் சார்." 12.40. "அஞ்சு நிமிஷம்." உட்கார இடம் கிடைக்காமல் அம்மா டிராலியின் விளிம்பில் டூல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, "வரும்ப்பா, பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். வேன் வந்தது 1.05-க்கு.

டிரைவரைக் கேட்டேன். வேறொரு கெஸ்ட்டை எடுக்க எழும்பூர் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களைப் பற்றி அவருக்குத் தகவல் வந்ததே 12.45-க்கு. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அம்மா கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்ததும் அவர்தான். இருப்பது ஒரே வேன், ஒரே டிரைவர், அவர் என்ன செய்வார்? என் கோபம் எல்லாம் அந்த "அஞ்சு நிமிஷ"த்தின் மேல். நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொல்லியிருந்தால் ஒரு டாக்ஸி பிடித்து 12.30-க்கே அம்மாவைப் படுக்க வைத்திருப்பேன். ஐந்து நிமிஷம் என்று சொல்வதால்தான் நாம் அந்த இடத்தை விட்டு நகரமுடியாமல் நிற்கிறோம். இவ்வளவு நேரம் நின்றோம், இன்னும் ஐந்து நிமிஷம்தானே என்று மனசு சொல்லும். தெரிந்தே ஒருவர் மறுபடி மறுபடி நம்மை அப்படி நிறுத்தி வைக்கிறார். வண்டி இலவசம் என்பதால் பொய்யும் சொல்லலாமா?

மறுநாள் மேனேஜர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த முறை அறை வாடகையில் 500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். இன்னொரு வேனோ டிரைவர் நம்பரோ தருவதாகச் சொல்லவில்லை.

மைத்துனனுக்கு நான் சொன்னது இதுதான். எந்த ஹோட்டலாக இருந்தாலும் எத்தனை வண்டி இருக்கிறது, ராத்திரி ஒரு மணிக்கு ஓட்ட ஆள் இருக்கிறாரா, அவர் நம்பரை முதல் நாளே கொடுப்பார்களா என்று கேள். ஆறு பேரும் பெட்டிகளும் ஒரே நடையில் ஏற முடியுமா என்று கேள். வயசானவர்களோடு திரும்பி வரும்போது இலவச வண்டியை நம்பாதே, டாக்ஸிக்கு ஒரு தொகையை இப்போதே எடுத்து வை. "அப்போ உங்க ஹோட்டல்?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரில் ஒரு கீறல் இல்லை, கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை, ஒரு விமானத்தையும் தவறவிடவில்லை. வேன் தாமதத்தைத் தவிர, பதினொன்றில் பத்து முறை பெரிய கஷ்டம் இல்லாமலே போனது. ஆனாலும் தூறலில் டிராலி மேல் உட்கார்ந்திருந்த அம்மாதான் கண் முன்னால் நிற்கிறார். இந்த மாதக் கடைசியில் மறுபடி கொழும்பு. மீனம்பாக்கம் பக்கம் வேறொரு இடம் பார்த்திருக்கிறேன். இரண்டு வேன், தரைத்தள பார்க்கிங், டிரைவர் நம்பரைக் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். பழைய ஹோட்டலின் செக்யூரிட்டி அண்ணனிடம் மட்டும் போகிற வழியில் நின்று நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். என்னைக் காணோமே என்று அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது.