கிலோக் காசா, பக்கத்து நிரையா?

தேயிலைத் தோட்டத்தில் புதிதாகக் கொழுந்தெடுக்க வருபவரைப் பழக்க இரண்டு வழி சொல்வார்கள். காசைக் காட்டினால் கை தானாக ஓடும் என்பது ஒன்று. தேர்ந்தவரைப் பார்த்தே கை பழகும் என்பது மற்றது. முன்னதற்கு உளவியலாளர் ஸ்கின்னர் துணை, பின்னதற்கு இன்னொரு உளவியலாளர் பண்டூரா.

பலன் கிடைத்த செயலையே மனிதர் திரும்பச் செய்வர் என்பது ஸ்கின்னர் கணக்கு. இலங்கைத் தோட்டங்களின் 2016 கூட்டு ஒப்பந்தம் அதை அப்படியே நாள் சம்பளமாக்கியது: அடிப்படை 500 ரூபாய், 75 சதவீத வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. ஆக 730. 2019இல் வருகைக் காசும் உற்பத்திக் காசும் போய், அடிப்படை 700 உடன் விலைப்பங்கு 50 என்றானது.

இந்த வழியின் கோளாறு தராசில் இருக்கிறது. மலையில், அதாவது கொழுந்தெடுக்கும் இடத்தில், நிறுப்பது எடையை மட்டுமே. முற்றல் இலை ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) கொட்டும்போதுதான் கண்ணில் படும், அதற்குள் எல்லார் கொழுந்தும் கலந்துவிடும். வாயால் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று சொல்லிவிட்டுக் கிலோவுக்குக் காசு கொடுத்தால், கை கிலோவைத்தான் படிக்கும்.

பண்டூரா (1977) சொல்வது நான்கு படி: கவனித்தல், மனதில் வைத்தல், செய்துபார்த்தல், செய்ய விருப்பம். மலையில் இதைச் செய்வது லேசு. புதியவரைத் தேர்ந்த ஒருவரின் அடுத்த நிரையில் (செடி வரிசையில்) விடுங்கள். முதலில் வேகம் வேண்டாம். மட்டக்கம்புக்கு (செடியின் மேல்மட்டம் காட்டும் கம்புக்கு) மேலே நிற்பதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது மட்டும் போதும். ஒவ்வொரு நிறுவையிலும் கூடையின் மேல், நடு, அடி மூன்றிலும் அள்ளி 100 கிராம் பிரித்து, நல்லது எத்தனை கிராம் என்று அவர் கண்முன்னே காட்டுங்கள்.

ஆனால் இரண்டு வழியும் ஒரே நிரையில் முட்டிக்கொள்ளும். நின்று காட்டுபவருக்குத் தன் கிலோ குறையும். பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) அரைப் பேராகும் என்றால் எந்த அக்காவும் நின்று காட்டமாட்டார். பழக்கும் நாட்களில் அவருக்கு முழுப் பேரை உறுதி செய்யாவிட்டால் பண்டூரா காகிதத்தோடு சரி.

புதியவருக்குக் கிலோ இலக்கே வேண்டாமா? பழகும் கட்டத்தில் வேண்டாம். ஆய்வாளர்கள் கான்ஃபரும் ஆக்கர்மனும் 1989இல் அமெரிக்க விமானப்படைப் பயிலுநர்களிடம் பார்த்தது இதுதான்: வேலை பிடிபடுமுன் எண் இலக்கு கொடுத்தால் கவனம் சிதறித் திறன் குறையும், பிடிபட்ட பின் அதே இலக்கு உதவும்.

பழகியவருக்குக் காசு வேலை செய்யும், உளவியலாளர் வ்ரூம் (1964) சொன்ன நிபந்தனையோடு: உழைத்தால் எட்டும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் வறட்சியில் துளிர் குறையும். அப்போதும் அதே கிலோவைக் கேட்டால் கூடையை முற்றல் நிரப்பும். தேயிலையின் மணம் கூடும் பருவமும் அதுவே என்பதால் நட்டம் இரட்டிப்பு. வறட்சி தொடங்கியதும் மலைக்கு மலை கிலோவைக் குறைத்து, அதைக் காலைப் பெரட்டிலேயே (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலேயே) சொல்லிவிட வேண்டும்; மாலையில் சொன்னால் பயனில்லை.