செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: காதா, ஸ்கேனரா, பாகம் மாற்றுவதா?

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கினால் பிரச்சினை எளிது. பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் என்று சந்தேகப்பட வேண்டியவை கொஞ்சம்தான். செல்ஃப் தாராளமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போவதுதான் ஆளை அலைக்கழிக்கும். காற்று, பெட்ரோல், பிளக்கில் கரண்ட், சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் நான்கும் சரியான நேரத்தில் கூடி வர வேண்டும். ஏதோ ஒன்று வரவில்லை.

எது வரவில்லை என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. காது, மூக்கு, கண்ணை நம்புவது பழைய வழி. ஸ்கேனரைச் செருகி வண்டியையே கேட்பது புதிய வழி. சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது எப்போதும் உள்ள வழி. மூன்றையும் முயன்றிருக்கிறேன். மூன்றாவதற்குத்தான் அதிகம் காசு அழுதிருக்கிறேன்.

எதில் இறங்கினாலும், ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேரும்.

காது, மூக்கு, பிளக்

முதலில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். பெட்ரோல் முள் பொய் சொல்லும். டேங்கில் கொஞ்சமே இருக்கும்போது சரிவில் நிறுத்தினால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

அடுத்தது சத்தம். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடிக்கு ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்து நிற்கும். அதுதான் பெட்ரோல் பம்ப். கேட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் போதுமான பிரஷர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிழவனான பம்பும் முனகத்தான் செய்யும்.

காது ஸ்கேனரை அடித்துச் சாப்பிடும் இடம் ஒன்று உண்டு. நல்ல எஞ்சின் சுற்றும்போது ‘ரு-ரு-ரு’ என்று மேடு பள்ளமாகக் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் திணறுவதன் தாளம் அது. அந்தத் தாளம் போய், வழக்கத்தைவிட வேகமாக ‘விர்ர்ர்’ என்று வழுக்கிக்கொண்டு சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை. பெரும்பாலும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். இந்த நேரத்தில் ஸ்கேனர் செருகினால் பி0340 என்று கேம் சென்சார் கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண், காட்டலாம். கேம் ஷாஃப்டே சுற்றாதபோது சென்சாருக்கு சிக்னல் எங்கிருந்து வரும்? கோடை நம்பி சென்சார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பல எஞ்சின்களில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் கேம் ஷாஃப்டின் ஒரு பகுதி தெரியும். வேறொருவரை அரை விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அது அசையவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் வகை எஞ்சினாக இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு ஏறும்.

தாளம் சரியாக இருந்தால் மூக்குக்கு வேலை. நான்கைந்து முறை செல்ஃப் அடித்த பிறகு புகைக்குழாய் அருகே பெட்ரோல் வாசம் தூக்குகிறதா? தூக்கினால் பெட்ரோல் போகிறது, கரண்ட் வரவில்லை, அல்லது கலவை கெட்டிப்பட்டு ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. வாசமே இல்லையென்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். இதை உறுதி செய்வது பிளக். கழற்றி நுனியைப் பாருங்கள்: பளபளவென்று நனைந்து விரலில் பெட்ரோல் ஒட்டுகிறதா, காய்ந்து கிடக்கிறதா? அந்த ஈரம்தான் பிரச்சினையைப் பாதியாக வெட்டிக் கொடுக்கிறது. இத்தனை மலிவான சோதனை வேறெதுவும் எனக்குத் தெரியாது.

ஓவர்ஃப்ளோ என்று தோன்றினால் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று மட்டும் உள்ளே போய் பிளக்கைக் காய வைக்கும்.

பழைய மெக்கானிக்குகள் பிளக் வயரை எஞ்சின் மேல் லேசாக வைத்து ‘சட் சட்’ என்று கரண்ட் பார்ப்பார்கள். அந்த வித்தையை இன்றைய வண்டியில் காட்ட வேண்டாம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும் இடம் அது. காயிலோ கம்ப்யூட்டரோ போகலாம், பக்கத்தில் பெட்ரோல் ஆவி வேறு. பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே விற்கும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள்.

ஸ்கேனர்

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம். பிறகு மற்ற நாடுகளும் அதே பாதைக்கு வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே குனிந்து தேடினால் கிடைக்கும். கைப்பேசியோடு இணையும் சின்ன டாங்கிள் பொதுவான கோடுகளைப் படிக்கும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைப் பிடிக்க விடாத பூட்டு) போன்ற கம்பெனிக்கே உரிய விஷயங்களுக்கு அது பல வண்டிகளில் போதாது, ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் பெரிய கருவி வேண்டும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கோடோடு நிறுத்திக்கொள்வது. பி0335 என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ‘சர்க்யூட்’டில் கோளாறு என்று மட்டுமே பொருள். சென்சாரா, வயரா, கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. கோடைவிட, அந்த நொடியில் சென்சார்கள் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். அதில் மூன்று எண்கள் போதும்.

முதல் எண், செல்ஃப் அடிக்கும்போதே ஆர்பிஎம். ஏறக்குறைய 150 முதல் 250 வரை காட்ட வேண்டும். எஞ்சின் கண் முன்னே சுற்றும்போது திரையில் 0 என்று நின்றால், எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது கரண்டும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் கிராங்க் சென்சார் மேல்தான் என் முதல் சந்தேகம். ஸ்கேனர் இல்லையா? சில வண்டிகளில் டேஷ்போர்டின் ஆர்பிஎம் முள்ளே செல்ஃப் அடிக்கும்போது லேசாகத் தலை தூக்கும். எல்லா வண்டியிலும் தூக்காது என்பதால், வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே உங்கள் முள் என்ன செய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூலண்ட் வெப்பநிலை. இரவு முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி காட்டினால் சென்சார் வயர் விட்டுப்போயிருக்கும். எஞ்சின் பனியில் உறைந்து கிடப்பதாக நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும், பிளக் நனையும். பிளக் நனைந்ததைக் கண் கண்டுபிடிக்கும். ஏன் நனைந்தது என்பதை இந்த எண்தான் சொல்லும்.

மூன்றாவது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட். ஓய்வில் 12.6 இருந்தால் முழு சார்ஜ். சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சரியில்லை. ‘செல்ஃப்தான் சுற்றுகிறதே, பேட்டரிக்கு என்ன’ என்பது பாதி உண்மை. மோட்டாரைச் சுற்ற வைக்கிற அளவு தெம்பு இருந்தும் கம்ப்யூட்டர் கண் சொருகிவிடலாம்.

ஸ்கேனர் வாயைத் திறக்காத இடங்களும் உண்டு. டேங்க் காலி என்பதற்கோ, பெட்ரோலில் தண்ணீர் கலந்ததற்கோ கோடு வராது. பிரஷர் சென்சார் இல்லாத சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் தளர்ந்தாலும் அதற்குத் தெரியாது.

ஸ்பிரேயா, கேஜா?

பெட்ரோல் பக்கம் சந்தேகம் வந்ததும் இரண்டு கட்சி பிரியும். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்று போகும் வழியில் கொஞ்சம் அடித்துவிட்டு செல்ஃப் அடிப்பது ஒரு கட்சி. எஞ்சின் 2 விநாடி பிடித்து அணைந்தால் கரண்ட், கம்ப்ரஷன், டைமிங் எல்லாம் சரி, பெட்ரோல்தான் வரவில்லை என்று நொடியில் பதில் கிடைக்கும். பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜ் மாட்டுவது இன்னொரு கட்சி, மெனக்கெட்ட வேலை. ஆனால் அது எண்ணைத் தரும்: சாதாரண இன்ஜெக்‌ஷனில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும், உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். சாவியை அணைத்த பிறகு முள் மடமடவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்றும் தெரியும். ஸ்பிரேயால் ‘வரவில்லை’ என்பதற்கும் ‘குறைவாக வருகிறது’ என்பதற்கும் வித்தியாசம் காட்ட முடியாது. ஸ்பிரே தீப்பிடிக்கும் சரக்கு, எஞ்சின் திருப்பி வெடித்தால் பானட்டுக்குள் குனிந்திருப்பது உங்கள் முகம். நான் கேஜ் கட்சி.

டீசல் என்றால்

பிளக் ஈரம், கரண்ட் சோதனை எதுவும் இங்கே செல்லாது. சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் உள்ள டீசலில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. சூடான முனையில் பட்டு நேரம் தவறி வெடிக்கும். புகையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாள் இப்படி ஆனால் ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது) தவிர வேறெதையும் முதலில் யோசிக்க வேண்டாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், அந்தக் குழாயின் (ரெயில்) பிரஷர் 200 பார் வாக்கில் ஏறாமல் இன்ஜெக்டர் திறக்காது. அதைக் காதால் கேட்க முடியாது, ஸ்கேனர்தான்.

மாற்றிப் பார்ப்பது

காசில்லாமல் மாற்ற முடிந்தால் இதுவும் நல்ல வழிதான். பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். பம்ப் முனகத் தொடங்கி ஹாரன் ஊமையானால் தீர்ந்தது. சாவி அடையாள விளக்கு விடாமல் மின்னினால் இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். சாவிக்குள் இருக்கும் சிப் படியாததால் மட்டுமே பிடிக்காமல் நிற்கும் வண்டிகள் உண்டு. இதற்கு மேல் போனால் இருட்டில் கல்லெறிவதுதான்.

என் வண்டி ஒரு கோடையில் அப்படித்தான் மக்கர் செய்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் நிறுத்தினால் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது ஆறிப்போய் நல்ல பிள்ளையாகிவிடும். “சார், பம்ப்தான். சூடானா அடங்கிடும்” என்றார் மெக்கானிக். புது பம்ப் போட்டோம். எட்டாவது நாள், அதே வெயில், அதே கூத்து. இம்முறை கையில் டாங்கிள் இருந்தது. செல்ஃப் அடித்தேன், ஆர்பிஎம் 0. பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து கிராங்க் சென்சார் மேல் போர்த்திவிட்டு நிழலில் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தபோது 190 என்று வந்தது, கூடவே எஞ்சினும் பிடித்தது.

மெக்கானிக் பையில் போட்டுத் திருப்பித் தந்த பழைய பம்ப் இன்னும் டிக்கியில் உருண்டுகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.